உருவமும் உள்ளடக்கமும்: விரிதாள் அட்டவணைகளிற் படியெடுத்தல் பற்றிச் சில குறிப்புகள்
(கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து)

1. முன்னுரை

உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான உறவு பற்றிய விவாதம் ஈழத்து முற்போக்கு இலக்கிய வட்டாரங்களில் நீண்ட வரலாறு உடையது. பேராசிரியர்களான க. கைலாசபதி, கா. சிவத்தம்பி, கல்முனைப் பிரதேசத்தைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் முதலியோர் வெவ்வேறு அழுத்தங்களுடன் இவ்விவாதத்திற் பங்குகொண்டுள்ளனர். உள்ளடக்கம் முதன்மையானது, ஆயினும் உருவத்தை அதன் மேற் போர்த்திய துணியாகக் கருதுதல் தவறு, இரண்டும் ஒன்றையொன்று நிர்ணயிக்கும் இயங்கியல் உறவு கொண்டவை என்பது இவ்விவாதத்தினூடாக நாம் பெற்ற தெளிவு எனலாம்.

இத்தெளிவைக் கவிதையோடும் நாவலோடும் நாம் நிறுத்திவிடுகின்றோம். ஆனால் நமது சாதாரண மக்களின் பெயர் இன்று எழுதப்படும் பிரதான இடம் அட்டவணையாகும். வாக்காளர் இடாப்பு, நிவாரணப் பட்டியல், வீடமைப்புத் திட்டப் பயனாளிகளின் விபரம், பாடசாலை அனுமதிப் பட்டியல் யாவும் கணினியில் நிரைகளும் நிரல்களுமாக வகுக்கப்பட்டு, ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குப் படியெடுக்கப்பட்டு ஒட்டப்படுகின்றன. அவ்வாறு ஒட்டும்போது மூல அட்டவணையின் வடிவமைப்பை எவ்வாறு பேணுவது என்ற வினா அலுவலக எழுதுநரின் சில்லறைப் பிரச்சினையாகத் தோன்றலாம். அம்பாறைக் கரையோரத்துத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை முன்வைத்து நோக்கும்போதோ, வடிவமைப்பு எனப்படுவது பல சந்தர்ப்பங்களில் தரவேதான் என்பது புலனாகின்றது. இதனை விளக்குவதும், இழப்பைத் தவிர்க்கும் வழிகளைத் தொகுத்துக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. பிரதேசப் பின்னணி

அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் மூவர் முஸ்லிம்களும் தமிழருமாவர். இவ்விரு சாராரும் தமிழ் பேசுவோர். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பின், 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி அலுவலக மேசைக்கு வந்துசேரக் காலம் எடுக்கும். ஒருவரின் பெயர் ஓர் அட்டவணையில் தமிழிலும், இன்னொன்றிற் சிங்களத்திலும், வேறொன்றில் ஆங்கிலத்திலும் இடம்பெறுவது இப்பிரதேசத்தார்க்குப் புதியதன்று.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகக்கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறையே. 10,000க்கு மேற்பட்டோர் இங்கு மாண்டனர். மேற்கே வயலும் கிழக்கே கடலுமாக ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களின் கடலோர வீதிகள் அழிந்தன. அதன்பின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் 200 மீற்றர் வரை கட்டடத் தடை விதிக்கப்பட்டமையால் (இது பின்னர் தளர்த்தப்பட்டது), எவர் வீடு எல்லைக்கு உள்ளே, எவர் வீடு வெளியே என்பது ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் வினாவாயிற்று.

இறந்தோர், காணாமற்போனோர், வீடிழந்தோர், உதவி பெற வேண்டியோர் எனப் பட்டியல்கள் பெருகின. இவ்வவலத்தின் பின்னரே இலங்கை மென்பொருளாளர்கள் 'சஹானா' என்னும் திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினர்; அது பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பின்னர் பயன்பட்டது. எனினும் கிராம மட்டத்தில் எளிதிற் கிடைக்கும் கருவி விரிதாளாகவே இருந்துவருகின்றது. ஆகவே அதன் இயல்பை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

3. கலத்தின் உள்ளமைப்பு

படியெடுத்து ஒட்டுதல் என்ற செயலைக் கணினிக்குக் கொணர்ந்தவர்கள் 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஜெரொக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய லாரி டெஸ்லரும் டிம் மொட்டும் ஆவர். பதிப்பாசிரியர் மேசையிற் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு தாளை வெட்டி ஒட்டிய பழைய தொழிலே இதற்கு முன்மாதிரி. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வெட்டிய தாளில் எழுத்து, மை, கோடு யாவும் பிரிக்கவியலாது ஒன்றாகச் செல்லும். விரிதாளின் ஒரு கலமோ பல அடுக்குகளைக் கொண்டது. ஒட்டும்போது எவ்வடுக்குச் செல்லும், எது எஞ்சும் என்பது தெரிவைப் பொறுத்தது.

முதலாம் அடுக்கு மதிப்பு; கலத்துள் உண்மையாகச் சேமிக்கப்பட்டிருப்பது இதுவே. இரண்டாம் அடுக்கு சூத்திரம். மதிப்பு எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதை அது கூறும். மூன்றாம் அடுக்கு எண் வடிவம். அதே மதிப்பு திகதியாகவா, பணமாகவா, உரையாகவா காட்டப்பட வேண்டும் என்பதை அது வரையறுக்கும். நான்காம் அடுக்கு தோற்றம். எழுத்துரு, நிறம், கோடு என்பன இதனுள் அடங்கும். நிரலின் அகலம் கலத்துக்கு உரியதன்று. அது முழு நிரலுக்கும் உரியது. கலங்களை மட்டும் படியெடுத்தால் அகலம் பின்தங்கிவிடுவது இதனாலேயே.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். எக்செல் மென்பொருள் திகதிகளை 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்தொகையாகச் சேமிக்கின்றது. 2004 டிசம்பர் 26 அதனுள் 38347 என்ற எண்ணாகவே இருக்கின்றது. இறந்தோர் பட்டியலொன்றிலிருந்து மதிப்பை மட்டும் படியெடுத்து, வடிவம் வகுக்கப்படாத தாளொன்றில் ஒட்டினால், இறந்த திகதி என்ற தலைப்பின் கீழ் 38347, 38347, 38347 என வரிசையாகத் தோன்றும். கணினியின் நோக்கில் எதுவும் இழக்கப்படவில்லை. வாசிக்கும் மனிதருக்கோ ஒரு கரையோரமே நினைவிற் கொண்டுள்ள நாள் பொருளற்ற ஐந்து இலக்கங்களாகிவிடுகின்றது. மூன்றாம் அடுக்கு இழக்கப்பட்டமையே காரணம்.

சூத்திரத்தின் நிலை இதற்கு மறுதலையானது. ஒரு நிரலின் அடியிலுள்ள கூட்டுத்தொகையைச் சூத்திரத்தோடு வேறிடத்தில் ஒட்டினால், அது தன் புதிய இடத்துக்கு ஏற்பப் பக்கத்துக் கலங்களைக் கூட்டத் தொடங்கும். தொகை மாறிவிடும், எச்சரிக்கை எதுவும் எழாது. இங்கு மதிப்பை மட்டும் ஒட்டுவதே பாதுகாப்பானது. ஆகவே, 'எப்போதும் எல்லாவற்றையும் ஒட்டுக' என்றோ, 'எப்போதும் மதிப்பை மட்டும் ஒட்டுக' என்றோ பொதுவிதி வகுத்தல் இயலாது.

நான்காம் அடுக்கும் அலங்காரமாக மட்டும் அமைவதில்லை. 200 மீற்றர் எல்லைக்குள் அமைந்த வீடுகளைச் செந்நிறத்தால் மட்டும் குறித்த பட்டியலொன்றைக் கற்பனை செய்வோம். நிறம் நீங்கியதும், உள்ளே இருந்தவரும் வெளியே இருந்தவரும் ஒருவராகிவிடுவர். மருதமுனைக் கைத்தறி நெசவாளி ஒரு சாரத்தின் கோலத்தை இன்னொரு பாவில் எடுக்கும்போது நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. எந்த நிறத்தில் எத்தனை இழை என்று எண்ணிக்கொள்கிறார். கண்ணுக்குத் தெரிவதை எண்ணத்தக்கதாக மாற்றி வைத்திருந்தாற்றான் கோலம் இடம்பெயரும். அட்டவணையிலும் நிறத்தாற் குறித்ததை ஒரு தனி நிரலில் 'உள்ளே', 'வெளியே' எனச் சொல்லால் எழுதிவைப்பதே முறையாகும்.

4. எண்ணும் இலக்கமும்

விரிதாள் வணிகக் கணக்கின் பிள்ளை. 1979இல் வெளிவந்த விசிகல்க் என்ற, தனிநபர் கணினிகளுக்கான முதல் விரிதாள் மென்பொருளின் எண்ணம், ஹாவார்ட் வணிகக் கல்லூரியில் மாணவராயிருந்த டான் பிரிக்லினிடம் உருவானது. பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் அதனை ஆக்கினார். 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் என இக்கருவி வளர்ந்தது. இலாபநட்டக் கணக்கைத் திட்டமிடுவதற்காகப் பிறந்தமையால் இக்கருவியின் உலகில் எண்ணே முதற் குடிமகன். இலக்கங்களைக் கண்ட மாத்திரத்தில் அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் உரிய தொகையாக அது கருதிக்கொள்கின்றது.

ஆனால் மக்களின் பட்டியல்களில் வரும் இலக்கங்கள் பெரும்பாலும் தொகைகள் அல்ல. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள். கல்முனைப் பகுதியின் தொலைபேசிக் குறியீடு 067. எண் என்ற வகையில் முன்னாலுள்ள சுழியத்துக்குப் பெறுமதி இல்லையாதலால் கணினி அதனை நீக்கி 67 என்று எழுதும். நமது ஊர்களில் 12/3 என வீட்டிலக்கம் இருப்பது சாதாரணம். கணினி அதனைத் திகதியாக்கும். அதன் பிரதேச அமைப்பைப் பொறுத்து மார்ச் 12 ஆகவோ டிசம்பர் 3 ஆகவோ வீடு உருமாறும். பின்னர் அக்கலத்தை உரை வடிவுக்கு மாற்றினாலும் வீட்டிலக்கம் மீளாது, நாட்தொகையே தோன்றும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இன்னும் பாரதூரமானது. 2016 முதல் வழங்கப்பட்டுவரும் புதிய இலக்கம் 12 இலக்கங்களைக் கொண்டது. எக்செல்லின் 'பொது' வடிவம் இத்தனை நீண்ட எண்ணை முழுமையாகக் காட்டுவதில்லை. தசமப் புள்ளியும் ஆங்கில 'ஈ' எழுத்தும் கலந்த விஞ்ஞானக் குறியீடாகச் சுருக்கிவிடும். கலத்துள் முழு மதிப்பும் இருக்கும்வரை மீட்சி உண்டு. ஆனால் அந்நிலையிற் கோப்பைக் காற்புள்ளியாற் பிரித்த உரைக் கோப்பாகச் சேமித்தால், காட்டப்பட்ட சுருக்கமே எழுதப்படும். எஞ்சிய இலக்கங்கள் நிரந்தரமாக அழியும். இலக்கத்தின் முதல் நான்கும் பிறந்த ஆண்டாதலால், குறுகிய நிரலொன்றில் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்துட் பிறந்த அனைவரும் ஒரே இலக்கமுடையோராய்விடுவர்.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய குறைபாடன்று. மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் சிலவற்றை எக்செல் மார்ச், செப்டெம்பர் மாதத் திகதிகளாக மாற்றியமையால், எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்திலொன்று பிழையுற்றதென 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2020இல் மரபணுப் பெயரிடற் குழு அப்பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. கருவிக்கு ஏற்ப அறிவியல் தன் சொற்களை மாற்றிக்கொண்ட விந்தை இது. அதே ஆண்டு இங்கிலாந்தில், 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காத பழைய கோப்பு வடிவம் பயன்படுத்தப்பட்டமையால் 15,841 கொவிட் நோயாளரின் விபரம் உரிய காலத்திற் சேர்க்கப்படாது விடுபட்டது.

'பொது' என்ற பெயரே இங்கு சிந்திக்கத்தக்கது. ஒரு குறிப்பிட்ட நாட்டின், ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தின் அலுவலகத் தேவையில் உருவான வழக்கம், உலகனைத்துக்கும் இயல்பானதாகத் தன்னை முன்வைக்கின்றது. வரலாற்றினால் ஆக்கப்பட்டதை இயற்கையானதாகக் காட்டுவது கருத்தியலின் தொழில் என்று நாம் இலக்கியத்திற் கற்றதை இங்கு நேரிற் காண்கின்றோம்.

5. எழுத்துருவும் பெயரும்

தமிழைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் ஆழமானது. ஒருங்குகுறியில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், பல்லாண்டுகளாக இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பரவலாகப் பயன்பட்டது 'பாமினி' எழுத்துருவாகும். பாமினியில் தட்டெழுதப்பட்ட கோப்பிற் சேமிக்கப்படுவது தமிழ் எழுத்தன்று. ஆங்கில எழுத்தும் குறியீடுமே. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்படுகின்றது. அவற்றுக்குத் தமிழ் முகம் தருவது எழுத்துரு ஒன்றே. மேற்கூறிய நான்காம் அடுக்கில், நிறத்தோடும் கோட்டோடும் சேர்த்து எண்ணப்படும் எழுத்துருவே இங்கு மொழியின் ஒரே ஆதாரமாகின்றது. மதிப்பை மட்டும் ஒட்டினாலும், ஒட்டும் இடத்தின் வடிவமைப்பை ஏற்றாலும், பெறுபவரின் கணினியில் அவ்வெழுத்துரு இல்லாவிடினும் பெயர் மறைந்துவிடும். உருவம் போனால் உள்ளடக்கமும் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுதல் அரிது.

உருவம் பேணப்பட்டபோதும் இடர் தீர்வதில்லை. பாமினியில் ஆங்கிலச் சிறிய எழுத்து அகர உயிர்மெய்யாகவும், அதே எழுத்தின் பெரிய வடிவம் பெரும்பாலும் உகர உயிர்மெய்யாகவும் அமையும். சிறிய கே 'ம'. பெரிய கே 'மு'. சிறிய ஈ 'ந'. பெரிய ஈ 'நு'. எக்செல்லின் வழமையான தேடலும், அட்டவணைகளை ஒப்புநோக்கும் சூத்திரமும், இரட்டிப்புகளை நீக்கும் கட்டளையும் சிறிய, பெரிய எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை. ஆகவே அதன் பார்வையில் 'மனை'யும் 'முனை'யும் ஒன்று. 'கடி'யும் 'குடி'யும் ஒன்று. நஸ்ரத், நுஸ்ரத் என்ற இரு பெண்களும் ஒருவரே. பெயர் நிரலை மட்டும் கொண்டு இரட்டிப்பு நீக்கினால் அவர்களுள் ஒருவர் பட்டியலிலிருந்து வெளியேற்றப்படுவார். திரையிற் பார்ப்பவர் கண்ணுக்கு இரு பெயர்களும் தெளிவாக வேறுபட்டே தெரிந்திருக்கும்.

இகரம் பாமினியிற் காற்புள்ளியின் இடத்தில் உள்ளது. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் உள்ளது. காற்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் வெட்டும் எளிய நிரலாக்கம் ஒன்றில் இப்ராஹீமும் இஸ்மாயிலும் தம் முதலெழுத்தை இழப்பர். ஏனைய விபரங்கள் ஒரு நிரல் தள்ளி விழும். 'இலங்கை' என்ற சொல்லுக்கும் அதே கதி. ஜகரமும் ஸகரமும் சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் அமர்த்தப்பட்டுள்ளன. அறபு மூலப் பெயர்களில் இவ்வெழுத்துகள் மலிந்து வருவதால், தேவையற்ற குறியீடுகளைத் துப்புரவாக்குவதாக எண்ணி அடைப்புகளை நீக்கும் ஒருவர் முஸ்லிம் பெயர்களையே பெரிதும் சிதைப்பவராகின்றார். 'கூலி' என்ற சொல்லின் முதலெழுத்து டொலர்க் குறியின் இடத்தில் உள்ளமை தற்செயலே ஆயினும் சுவையானது.

இங்கு அறபுத் தமிழ் நினைவுக்கு வருகின்றது. தமிழை அறபு எழுத்தில் எழுதிய மரபு நமது முஸ்லிம் மக்களிடையே நெடுங்காலம் வழங்கியது. அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனச் சிறப்புக் குறிகள் வகுக்கப்பட்டன. எழுதுபவரும் வாசிப்பவரும் அவ்வழக்கத்தை அறிந்திருந்தனர். மொழி ஒன்று, எழுத்து வேறு என்ற நிலை அங்கு ஒரு சமூகத்தின் உணர்வுபூர்வமான தெரிவாக இருந்தது. பாமினியிலும் தமிழ் வேற்றெழுத்திற்றான் சேமிக்கப்படுகின்றது. ஆனால் எழுதுபவர் அதனை அறியார். அறியாமையினாலேயே இடம்பெயரும்போது பெயர் உடைகின்றது.

6. செய்முறை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் ஒழுங்கை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, மூலக் கோப்பைத் தொடாது வைத்து அதன் பிரதியிலேயே வேலை செய்தல் வேண்டும். முழு அட்டவணையும் தேவைப்படுமாயின் கலங்களைத் தெரிந்து ஒட்டுவதைவிடத் தாளையே முழுமையாகப் புதிய கோப்புக்குப் படியெடுத்தல் நன்று; அகலம், நிறம், எண் வடிவம் யாவும் உடன்வரும்.

இரண்டாவதாக, ஒரு பகுதி மட்டும் தேவைப்படுமாயின் சிறப்பு ஒட்டல் என்ற தெரிவைப் பயன்படுத்தி மும்முறை ஒட்டலாம்: முதலில் நிரல் அகலம், அடுத்து மதிப்பும் எண் வடிவமும், ஈற்றில் தோற்றம். இவ்வாறு செய்தாற் சூத்திரம் மட்டும் நீங்கும். திகதி திகதியாகவே நிற்கும்.

மூன்றாவதாக, உரைக் கோப்பிலிருந்தோ பிற ஆவணத்திலிருந்தோ தரவு வருமாயின், தொலைபேசி, அடையாள அட்டை, வீட்டிலக்கம் ஆகியவற்றுக்குரிய நிரல்களை ஒட்டுவதற்கு முன்னரே உரை வடிவாக்கி, ஒட்டும் இடத்தின் வடிவமைப்பை ஏற்கும் தெரிவைக் கொள்ளல் வேண்டும். ஒட்டிய பின் மாற்றுவதாற் பயனில்லை.

நான்காவதாக, வடிகட்டப்பட்டு நிரைகள் மறைந்துள்ள அட்டவணையின் மேல் ஒட்டலாகாது. மறைந்த நிரைகளிலும் தரவு விழுந்து, ஒருவரின் விபரம் இன்னொருவர் பெயருக்கு நேரே அமைந்துவிடும்.

ஐந்தாவதாக, பாமினியிலுள்ள பெயர்களை இடம்பெயர்ப்பதற்கு முன்னரே ஒருங்குகுறிக்கு மாற்றுதல் வேண்டும். 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரநிர்ணயமும் ஒருங்குகுறி வழியிலேயே தமிழுக்கு வகுக்கப்பட்டது. மாற்றும்போது தமிழ் நிரல்களை மட்டும் தனித்தனியே மாற்றுக. தாள் முழுவதையும் மாற்றியிலிட்டால், பழைய அடையாள அட்டை இலக்கத்தின் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் வரும் ஆங்கில 'வீ' எழுத்து 'ஏ' ஆகிவிடும். 'எக்ஸ்' எழுத்து 'ஓ' ஆகிவிடும்.

ஆறாவதாக, ஒட்டியபின் சரிபார்த்தல். நிரைகளின் எண்ணிக்கை, தொகைகள், முதல், இடை, கடை நிரைகள் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிடுக. லெப்பை, லெவ்வை, முகம்மது, முஹம்மத், முகமட் என வேறுபடும் எழுத்துமுறைகளைப் படியெடுப்பவர் 'திருத்த' முற்படலாகாது. பெயர் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதை முடிவு செய்பவர் பெயருக்கு உரியவரே. ஊரறிந்த ஒருவர் பட்டியலை உரத்து வாசிக்கக் கேட்டுச் சரிபார்ப்பது எம்மென்பொருளும் தராத பாதுகாப்பாகும்.

7. முடிவுரை

இலக்கிய மாணவராகிய நமக்கு இதிற் கற்க வேண்டியது உண்டு. உருவத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரிக்கலாமா என்ற வினாவுக்கு விரிதாள் ஒரே விடையைத் தருவதில்லை. சூத்திரத்தைப் பொறுத்தவரை பிரித்தாற்றான் உண்மை நிலைக்கும். திகதியைப் பொறுத்தவரை பிரித்தால் பொருள் கெடும். பாமினிப் பெயரைப் பொறுத்தவரை பிரித்தவுடன் ஒன்றும் எஞ்சாது. எந்த உருவம், எவ்வரலாற்றில், யாருடைய தேவைக்காக ஆக்கப்பட்டது என்று வினவியே ஒவ்வொரு முறையும் விடை காண வேண்டியுள்ளது.

நடைமுறையில் இதன் பயன் இன்னும் நேரடியானது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகளிடமுள்ள பட்டியல்களைக் கோரும் உரிமையைப் பிரசைக்கு வழங்கியுள்ளது. கோரிப் பெற்ற பட்டியலில் தன் பெயர் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகக் கிடைக்குமாயின் அவ்வுரிமை பாதியளவே நிறைவேறியதாகும். பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மீனவர், நெசவாளர் சங்கங்கள் தத்தம் பட்டியல்களைத் தாமே ஒருங்குகுறித் தமிழிற் பேணவும், அலுவலகப் பட்டியலோடு ஒப்பிடவும் இயல வேண்டும். அதற்குரிய பயிற்சி ஒரு விடுமுறைக் காலத்துள் கற்பித்து முடிக்கக்கூடியது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அதனைத் தம் பணிகளுள் ஒன்றாக ஏற்றல் வேண்டும். அடுத்த இடரின்போது சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ சுவரில் ஒட்டப்படும் பட்டியலில், நஸ்ரத்தும் நுஸ்ரத்தும் தத்தம் நிரையில் தத்தம் பெயரைத் தாமே வாசிக்கும் நிலை ஏற்படுவதற்கு இதுவே முதற் படியாகும்.